ஏங்க என்று கூப்பிட்டதற்கு வந்தவர்

என் கணவர் செத்த பிறகுதான் என்னிடம் அன்பாகப் பேச ஆரம்பித்தார். இப்படி எழுதினால் படிப்பவர்கள் சிரிப்பார்கள் என்று தெரியும். சிரிக்கட்டும். அப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. இப்போது வருகிறது, அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே கோட்டர்ஸில் குடியிருந்தோம். ஒரே மாதிரியான பத்து வீடுகள் ஒட்டி நிற்கும் வரிசை, அதை லைன் என்போம். பின்கதவைத் திறந்தால் தண்டவாளம். அவர் இஞ்சினில் கரி அள்ளிப் போடும் ஃபயர்மேன். நான்கு வருடக் குடித்தனம், பிள்ளை இல்லை. அவர் என்னை 'இந்தா' என்பார், நான் அவரை 'ஏங்க' என்பேன். இந்த இரண்டு சொல்லை வைத்துக்கொண்டே நான்கு வருடத்தை ஓட்டிவிட்டோம்.

வேலை முடிந்து சாயங்காலம் நாலு மணிக்கு வருவார். துணி நாற்காலியில் விழுவார். ஒரு டம்ளர் காப்பி போட்டுக் கொடுப்பேன். பாதி குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விடுவார். டின் பால் விற்கிற விலைக்கு எனக்கென்று தனியாகப் போட்டுக்கொள்ளும் வழக்கம் இல்லை, அந்த ஆறிப்போன மிச்சத்தைத்தான் குடிப்பேன். ஒரு நாளாவது முழுதாகக் குடித்தால் என்ன, என் காப்பி அவ்வளவு மட்டமா என்று நான்கு வருடமும் மனதுக்குள் கறுவிக்கொண்டே இருந்தேன்.

பெயர் விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். புருஷன் பெயரைப் பெண்டாட்டி வாயால் சொல்லக் கூடாது, சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். தபால்காரர் கடிதத்தின் மேலிருக்கும் பெயரைப் படித்து "இந்த வீடாம்மா?" என்று கேட்டால் தலையை மட்டும் ஆட்டுவேன். கொழுந்தனுக்குக் கடிதம் எழுதினால்கூட 'உங்கள் அண்ணன் சுகம்' என்றுதான் எழுதுவேன். இவ்வளவு கட்டிக் காத்தும் அவருக்கு ஆயுசு முப்பத்திரண்டுதான். மூன்று நாள் காய்ச்சலில் படுத்தார், நாலாம் நாள் போய்விட்டார்.

பதினாறாம் நாள் படையல். ஈப்போவில் இருந்த கொழுந்தனுக்கு லீவு கிடைக்கவில்லை. கிள்ளானில் இருந்த என் அக்காவுக்கு அம்மை போட்டிருந்தது. கோயிலிலிருந்து பண்டாரம் ஒருவர் வந்து இலை போட்டு, சோறும் குழம்பும் வைத்து, பக்கத்தில் காப்பி டம்ளரையும் வைக்கச் சொன்னார். காஜாங் ரயிலைப் பிடிக்க வேண்டிய அவசரம் அவருக்கு.

"பேரச் சொல்லி மூணு தரம் கூப்பிடும்மா. வந்து சாப்பிட்டுட்டுப் போவாரு."

"நான் எப்படிங்க பேரச் சொல்றது?"

பண்டாரம் என்னைப் பார்த்தார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, எப்பவும் எப்படிக் கூப்பிடுவியோ அப்படியே கூப்பிடு. அவருக்குத் தெரியாதா?" என்றார்.

பின்கதவைத் திறந்து வைத்துத் தண்டவாளத்தைப் பார்த்து, "ஏங்க, ஏங்க, ஏங்க" என்றேன்.

மறுநாள் சாயங்காலம் நாலு மணிக்குத் துணி நாற்காலி கிறீச்சிட்டது. யாரோ உட்கார்ந்ததுபோலத் துணி தொய்ந்து இறங்கியது. ஆளைக் காணோம். "கண்ணு, காப்பி இருக்கா?" என்று ஒரு குரல் கேட்டது.

பயம் வரவில்லை. பதினேழு நாளாக யாரும் என்னிடம் காப்பி கேட்கவில்லை. கேட்டதும் கை தானாக அடுப்பைப் பற்றவைத்தது. பாலைக் கலக்கும்போதுதான் ஒரு சந்தேகம் வந்தது.

"குரல் ஏங்க இப்படி இருக்கு?"

"அத்தன வருஷம் கரிப்புகை குடிச்ச தொண்டை. இப்பத்தானே தெளிஞ்சிருக்கு."

நியாயமாகப் பட்டது. துணி தரையைத் தொடும் அளவுக்குத் தொய்ந்திருந்தது. அவரோ ஒல்லியான மனிதர். செத்த பிறகு கொஞ்சம் சதை போட்டிருக்கிறார், போன இடத்தில் சாப்பாடு பரவாயில்லை போலிருக்கிறது என்று நினைத்து எனக்குச் சந்தோஷம்தான். டம்ளரை வைத்தேன். காப்பி இறங்கிக்கொண்டே போய் அடியிலிருந்த சீனிவரை காலியானது. "அமிர்தம்" என்றது குரல். அன்று முழுவதும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

பிறகு தினமும் நாலு மணிக்கு வருவார். ரயில்வேக்காரர் ஆயிற்றே, ஒரு நிமிஷம் முன்னே பின்னே கிடையாது. நான் தலை வாரியிருந்தால் கவனிப்பார். வெள்ளைச் சேலை எனக்கு எடுப்பாக இருக்கிறது என்பார். அதைக் கேட்டு வெட்கப்பட்டேன், துக்கத்துக்குக் கட்டிய சேலை என்பதுகூட மறந்துபோயிற்று. உயிரோடு இருந்தபோது நான் தலைகீழாக நின்றிருந்தாலும் அவர் கண்ணில் பட்டிருக்காது. சாவு ஒரு மனிதரை இப்படித் திருத்தும் என்றால் கொஞ்சம் முன்னாலேயே செத்திருக்கலாமே என்று ஒரு நாள் நினைத்துவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

இரண்டு மாதத்துக்குள் கோட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும் என்று ஆபீசிலிருந்து தாள் வந்திருந்தது. அக்காவும் எழுதியிருந்தாள். காப்பார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல ஒரு பெண் வேண்டும், மாசக் கடைசிக்குள் வந்தால் இடம் உனக்கு, எங்கள் வீட்டிலேயே தங்கிக்கொள் என்று. ஆறாவது வரை படித்தவள் நான். எனக்கு அது பெரிய விஷயம். ஆசையாக அவரிடம் படித்துக் காட்டினேன்.

படித்து முடிப்பதற்குள் நாற்காலி கிறீச்சிட்டது.

"போ, கண்ணு. நல்லா இரு. நான் நாலு மணிக்கு வந்து காலி வீட்டப் பாத்துட்டுப் போறேன்."

"நீங்களும் கிள்ளானுக்கு வாங்களேன்."

"நான் இந்த லைன விட்டு நகர முடியாது. அது சரி, உன் குரலுக்குப் பிள்ளைங்க அடங்குமா? உங்கக்கா சம்பளமில்லாத வேலக்காரி தேடுறா, அது உனக்குப் புரியல."

மூன்று நாள் இப்படியே நடந்தது. நாலாம் நாள் நான் தபால்காரரிடம் ஏதோ சொல்லிச் சிரித்தேனாம்; அதற்காக இரண்டு நாள் வரவே இல்லை. நாலு மணிக்குக் காப்பி போட்டுவைத்து, காலி நாற்காலியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன். திரும்பி வந்ததும் அக்காவுக்குப் பதில் எழுத உட்காரச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். 'மதிப்பிற்குரிய தமக்கையார் அவர்களுக்கு, தங்கள் அன்புக்கு அடியேன் பாத்திரமல்லேன்' என்று ஆரம்பித்து ஒரு பக்கத்துக்கு ஓடியது. என் கணவருக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். செத்தவர்களுக்கு எல்லாம் தெரிந்துவிடும்போல என்று வியந்துகொண்டே உறையை ஒட்டினேன்.

காலி செய்யும் நாள் நெருங்கியது. அவர் ஒரு வழி சொன்னார். வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு நான் பின்கதவைத் திறந்துகொண்டு தண்டவாளத்தில் இறங்க வேண்டும், அவர் என் கையைப் பிடித்துக்கொள்வார், கோட்டர்ஸ் ஆபீசும் அக்காவும் எட்ட முடியாத இடத்துக்குப் போய்விடலாம். நாலு மணிக்கு அந்தப் பாதையில் என்ன வரும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் என் கவலையெல்லாம் எந்தச் சேலையைக் கட்டுவது என்பதில்தான் இருந்தது. "காப்பித்தூள் டப்பாவையும் எடுத்துக்கோ" என்றார். எடுத்துக் கதவோரம் வைத்தேன்.

வியாழக்கிழமை மத்தியானம் அக்கா வந்து இறங்கினாள். முகத்தில் அம்மைத் தழும்பு இன்னும் மறையவில்லை.

"யாருடி அது, உனக்குக் கடுதாசி எழுதிக் குடுக்கறது?" என்றுதான் உள்ளே நுழைந்தாள். "பொறந்ததிலேருந்து நீ என்ன மரியாதையா ஒரு வார்த்த பேசினதில்ல. தமக்கையாராமே!"

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா பேய் பிசாசுக்குப் பயப்படுகிறவள் இல்லை. யாராவது தப்பாக வேலை செய்தால்தான் அவளுக்குக் கோபம் வரும். என்னை உட்காரவைத்துக் கேள்வி கேட்டாள்.

"படையல்ல எப்படிக் கூப்பிட்ட?"

"எப்பவும்போலத்தான். ஏங்கன்னு."

"பேரச் சொல்லல?"

"எப்படிக்கா சொல்றது?"

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "அடிப்பாவி, இந்த லைன்ல காய்ச்சல்ல செத்தவன் எத்தன பேரு! ரயில்ல அடிபட்டுச் செத்தவன் எத்தன பேரு! கதவத் தொறந்து வச்சு ஏங்கன்னா, எவன் வருவான்னு கண்ட? பேரில்லாத தபாலு எந்த வீட்டுக்குப் போவும்?"

"பேரச் சொன்னா அவர் ஆயுசு..."

"இனிமே குறையறதுக்கு என்னடி இருக்கு?"

அக்கா கால் வலிக்கிறது என்று துணி நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். அப்போது மணி நாலு அடித்தது.

"அவள எழுந்திரிக்கச் சொல்லு" என்றது மூலையிலிருந்து குரல், ரொம்பக் கோபமாக.

"அக்கா, எழுந்திரு. அவர் உட்காரணும்."

அக்காவுக்கு எந்தக் குரலும் கேட்கவில்லை. எழுந்தாள். அவள் எழுந்த பிறகு துணி மறுபடி தொய்ந்ததைப் பார்த்தாள். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, "அஞ்சே காலுக்கு ரயிலு. நான் வாசல்ல நிக்கறேன். நீயே பேசி முடி" என்று சொல்லிவிட்டு வெளியே போனாள். பயப்படவில்லை என்று அவள் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

வழக்கம்போலக் காப்பி போட்டு டம்ளரை வைத்தேன். காப்பி இறங்க ஆரம்பித்தது.

"நீங்க யாரு?" என்று கேட்டேன்.

மழுப்பிப் பார்த்தான். நான் விடவில்லை. கடைசியில் அழுகிற குரலில் சொன்னான்:

"நான் இந்த லைன்ல கடைசி வீட்டுல இருந்தவன். ரயிலுக்குப் பாதை மாத்தி விடற வேல. கல்யாணம் ஆவல. என்ன டேய்னு கூப்பிட்டாங்க, யோவ்னு கூப்பிட்டாங்க. ஏங்கன்னு ஒருத்தி கூப்பிட்டதில்ல. அன்னிக்கு நீ மூணு தரம் கூப்பிட்ட. எவனா இருந்தாலும் வருவானா மாட்டானா?"

டம்ளரை அவன் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தி வைத்தேன். அதைப் பார்த்ததும் அவன் குரல் மறுபடி குழைந்தது.

"இப்ப என்ன கெட்டுப்போச்சு, கண்ணு? அவரு உன்கிட்ட நாலு வார்த்த பேசினாரா? நான் பேசறேன். யார் பேர்ல வந்தா என்ன? நாளைக்கு நாலு மணிக்கு கெளம்பிடலாம்."

மனசு ஆடியது. இதை எழுதக் கை கூசுகிறது, ஆனால் ஆடியது. அவன் சொன்னது பொய்யில்லை. என் கணவரைவிட அவனைத்தான் எனக்குப் பிடித்திருந்தது. கதவோரம் காப்பித்தூள் டப்பா தயாராக இருந்தது. ஏன் அந்தக் கேள்வியைக் கேட்டேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

"ஒரு நாளாவது காப்பிய ஏன் மிச்சம் வைக்கல?"

"மிச்சமா?" என்று சிரித்தான். "பிடிச்சத எவனாவது மிச்சம் வைப்பானா, கண்ணு?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஐந்து வாரமாகத் தினமும் காப்பி போடுகிறேன், ஒரு வாய் நான் குடிக்கவில்லை. கண்ணு, அமிர்தம் என்று சொல்லிக்கொண்டு அவன் சீனிவரை வழித்துக் குடித்திருக்கிறான். நான் தனியாகப் போட்டுக்கொள்ள மாட்டேன் என்பதை நான்கு வருடம் ஒருவர் கவனித்திருக்கிறார். கரி அள்ளிக் களைத்து வந்து, பிடித்த காப்பியைப் பாதியில் நிறுத்திவிட்டு எழுந்து போயிருக்கிறார். அதற்கு ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. நானோ அவரைக் கறுவிக்கொண்டிருந்தேன்.

எழுந்து நின்றேன். பின்கதவைத் திறந்தேன். என் கணவர் பெயரைச் சொன்னேன். முதல் தடவை காற்றுத்தான் வந்தது, சத்தம் வரவில்லை. இரண்டாம் தடவை எனக்கே யாரோ சொன்னதுபோல இருந்தது. மூன்றாம் தடவை லைன் முழுவதும் கேட்கக் கத்தினேன். அந்தப் பெயரை வாயால் சொன்னது வாழ்க்கையிலேயே அந்த மூன்று தடவைதான். இங்கே எழுதவும் போவதில்லை.

நாற்காலித் துணி மெல்ல மேலே எழும்பிச் சமமாக நின்றது. யாரும் விடைபெறவில்லை. நான் கூப்பிட்டவரும் வரவில்லை. அவர் எப்படி வருவார்? அவர் செத்துப்போயிருந்தார். ஐம்பத்து மூன்று நாளாக எல்லோருக்கும் தெரிந்திருந்தது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

கீழே டம்ளரில் காப்பி பாதி இருந்தது. எடுத்துக் குடித்தேன். ஆறிப்போயிருந்தது. அவர் வைத்துவிட்டுப் போவதும் எப்போதும் ஆறித்தான் இருக்கும். தரையில் உட்கார்ந்து அவருக்காக முதன்முதலாக வாய்விட்டு அழுதேன். அக்கா உள்ளே வரவில்லை. அஞ்சே கால் ரயிலை விட்டுவிட்டு, அடுத்த ரயிலில் என்னைக் கிள்ளானுக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.