விற்ற காரின் சத்தம்

எனக்குப் பழைய அம்பாசிடரை விற்றவர் கே.கே. நகரில் அடுத்த தெருக்காரர். ஒல்லியான உடம்பு, மடிப்புக் கலையாத சட்டை, பையில் எப்போதும் ஒரு ஸ்பேனர். அந்த ஸ்பேனர்தான் என் நிம்மதியைக் கெடுத்தது.

டைமிங் லைட்டைப் பிடித்து, இஞ்சின் சக்கரத்துக் கோடு குறிக்கு நேராக வரும்வரை டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி, சனிக்கிழமை முழுக்க டைமிங் வைப்பேன், அதாவது இஞ்சினில் பொறி விழும் நேரத்தைச் சரிசெய்வேன். ஞாயிறு காலை அவர் வருவார். பானட்டைத் திறந்து காதைச் சாய்ப்பார். நான் காபி எடுத்து வருவதற்குள் ஸ்பேனரைப் போட்டு டிஸ்ட்ரிபியூட்டரைத் தன் இஷ்டத்துக்குத் திருப்பியிருப்பார். அப்புறம் ஏற்றம் ஏறினாலே இஞ்சினுக்குள் சுத்தியலால் அடிப்பதுபோலத் தட்டும்.

“வண்டியத்தான் எனக்கு வித்துட்டீகளேண்ணே!” என்று ஒருநாள் கத்திவிட்டேன்.

“வண்டிய வித்தேன் தம்பி. இம்புட்டு வருசமாக் கேட்ட சத்தத்தையுமா வித்தேன்?”

அவர் வைத்த டைமிங்கின் லட்சணத்தை அவரே கேட்கட்டும் என்று, அப்போதே அவரை ஏற்றிக்கொண்டு சமயநல்லூர்ப் பக்கம் மேம்பாலத்துக்குப் போனேன். பாதி ஏற்றத்தில் தட்ட ஆரம்பித்தது.

“கேக்குதாண்ணே?”

கண்ணை மூடிச் சிரித்தார். “கேக்குது தம்பி. இந்தா, இதுதான் என் வண்டி.”

பாலம் இறங்கி ஓரங்கட்டினேன். அவரிடமே ஸ்பேனரை வாங்கி, டிஸ்ட்ரிபியூட்டரில் நான் சாக்பீஸால் போட்டுவைத்திருந்த அடையாளத்துக்கு டைமிங்கைத் திருப்பினேன். ஸ்பேனரை நீட்டினேன். அவர் வாங்கிக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு ஞாயிறுகளில் வரவே இல்லை.

இப்போது வண்டி அலுங்காமல் பாலம் ஏறுகிறது. எனக்குத்தான் ஒவ்வொரு தடவையும், இன்னும் தட்டக் காணோமே என்று பதறுகிறது. என் காதையும் கெடுத்துவிட்டுப் போனார் மனுஷர்.