பொட்டு வெச்ச சம்மன்

கம்பெனின்னதும் பெருசா நெனச்சுராதீங்க. கணபதிங்கற ஏரியாவுல ஒரு வாடகை ஷெட்டு, அஞ்சு லேத்து, பன்னெண்டு பேரு. பம்புக்கு ஷாஃப்ட் கடைஞ்சு குடுக்கறோம். பேருக்குப் பின்னால பிரைவேட் லிமிடெட்னு இருக்கும், அவ்வளவுதான்.

அந்த ஷெட்டைக் காலி பண்ணச் சொல்லிக் கட்டட ஓனர் கேஸ் போட்டதே எனக்குத் தெரியாது. ஒரு நாள் காலையில கோர்ட் அமீனா பூட்டோட வந்து நின்னாரு. "நீங்க வாய்தாவுக்கே வரலீங்க. ஒருதலையாத் தீர்ப்பாயிருச்சு"ன்னாரு. லேத்தைத் தூக்கிட்டு இத்தனை பேரும் எங்க போறது? ஓடற மிஷினையும் ஆளுகளையும் ஒருக்காப் பாத்தவரு, "அடுத்த வாரம் வாரேனுங்க, அதுக்குள்ள தடை வாங்கிப்போடுங்க"ன்னு கெளம்பிட்டாரு. அந்தப் புண்ணியவான் நல்லா இருக்கோணும்.

எங்க வக்கீல் கோர்ட்டுக்குப் போய்க் கேஸ் கட்டைப் பாத்தாரு. சம்மன் வந்திருக்குது. எங்க ஆபீஸைப் பாத்துக்கற அம்மணி கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்காங்க. தேடுனா, பீரோவுக்குள்ள, ஆயுத பூசைக்கு வெச்ச பழைய நோட்டுக் கட்டுக்கு நடுவுல கெடந்துச்சு. சந்தனம், குங்குமம் எல்லாம் வெச்சு, பிரிக்காமயே!

எனக்குக் கோவம் வந்தா நிதானம் இருக்காது. "மூளை இருக்குதுங்களா உங்களுக்கு? கோர்ட்டுக் கவருக்குப் பொட்டு வெச்சு எங்களை நடுத்தெருவுல நிறுத்திப்போட்டீங்களே!"ன்னு அத்தனை பேரு முன்னாடியும் கத்துனேன். எங்க ஊர்ல திட்டறதுக்கும் 'ங்க' போடுவோம். அதுக்காக வலிக்காமப் போயிருமா? அவங்க குனிஞ்சு, கலைஞ்சு கெடந்த நோட்டுகளைப் பழையபடி பீரோவுல அடுக்குனாங்க.

தீர்ப்பை ரத்து பண்ணவும், அதுவரைக்கும் காலி பண்ணத் தடை கேட்டும் மனு எழுதுனாங்க. 'என் கவனக்குறைவால்'னு அம்மணி பேர்ல ஒரு பிரமாணப் பத்திரம். அவங்க கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்துட்டாங்க. வக்கீல் குமாஸ்தா சும்மா கேட்டாரு, "ஏனுங்க அம்மணி, இதைப் போய் பூசையில வெக்க எப்படித் தோணுச்சு?" அவங்க என்னைப் பாத்துட்டுக் குனிஞ்சுக்கிட்டாங்க.

பொடனியில அடிச்சாப்புல ஞாபகம் வந்துச்சு. ஆயுத பூசை லீவுங்கறதால நாங்க முந்தின நாளே கும்பிட்டுருவோம். கையில கற்பூரத் தட்டோட நின்னப்ப, "அண்ணா, ரிஜிஸ்தர் தபாலுங்க"ன்னு நீட்டுனாங்க. நான் திரும்பிக்கூடப் பாக்கலை. "பூசையில வெச்சுருங்க அம்மணி, லீவு முடிஞ்சு பிரிச்சுக்கலாம்"னேன். லீவு முடிஞ்சு வந்து, எல்லாத்தையும் அள்ளி பீரோவுல வெக்கச் சொன்னதும் நானேதான்.

"அதைக் கிழிச்சுப் போடுங்க வக்கீல் சார். தப்பு என்னுது, என் பேர்ல எழுதுங்க."

"கம்பெனி டைரக்டர் நீங்களே இப்படிச் சொன்னா ஜட்ஜ் ஒத்துக்குவாரான்னு தெரியாதுங்க."

"என்ன ஆனாலும் சரிங்க."

ஜட்ஜ் ஐயா மனுவைப் படிச்சுட்டு, சந்தனம் காஞ்சுபோன கவரைத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. "பிரிக்கவே இல்லையா?" "பூசையில வெச்சதைத் தொட மாட்டோமுங்க ஐயா. அப்பறம் நானே மறந்துபோட்டேனுங்க." பழைய தீர்ப்பு ரத்து, கேஸை முதல்ல இருந்து விசாரிக்கலாம்னு உத்தரவாச்சு. எங்க பக்கத்தையும் கேக்கறேன்னாரே, அதுவே எனக்குப் போதும்.

கோர்ட்டுப் படியில எறங்கறப்ப அம்மணிகிட்டக் கேட்டேன், "அன்னைக்கே சொல்லியிருக்கலாமுல்லீங்க?"

"அத்தனை பேரு முன்னாடி உங்களை எப்படிங்கண்ணா விட்டுக் குடுக்கறது?"

ஷெட்டுக்கு வந்ததும் அஞ்சு லேத்தையும் நிறுத்தச் சொன்னேன். எல்லாரையும் கூப்பிட்டு, அம்மணியைப் பக்கத்துல நிக்க வெச்சு, தப்பு என்னுதுன்னு சொன்னேன். சொல்லி முடிக்கறதுக்குள்ள எனக்கு அழுகை வந்துருச்சு.