புகை தெரியாத கடையில் யார் நிறுத்துவார்கள்?

போன வாரம் அன்னவாசலில் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். எதிரே ஓர் அரிசி மில். அதன் புகைபோக்கியிலிருந்து கறுப்பாகக் கிளம்பிய புகை, தென்னை மரங்களுக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. பஸ் ஸ்டாப்பில் ஒருவரும் இருமவில்லை. மூக்கைப் பொத்தவில்லை.

ஆனால் புகை எல்லோருக்கும் தெரிந்தது.

அட... செல்வியக்காவுக்கு வேண்டியது இதுதானே?

பஸ் வந்தது. ஏற மறந்துவிட்டேன்.

செல்வியக்கா, தஞ்சாவூர் போகும் சாலையோரம் முந்திரி விற்பவர். கடை முன்னாலேயே அடுப்பு. ஓட்டை போட்ட தகரச் சட்டியில் முந்திரிக்கொட்டையைக் கொட்டி வறுப்பார். ஓட்டிலிருக்கும் எண்ணெய் நெருப்பில் சொட்டியதும் எழுகிறதே ஒரு புகை — கண், தொண்டை, நெஞ்சு என்று ஒவ்வொன்றாக விசாரித்துவிட்டுத்தான் விடும். கல்யாணமாகி வந்ததிலிருந்து அக்கா உட்கார்ந்திருப்பது அந்தப் புகையில்தான்.

முதலில் இருமல். பிறகு சளி. பிறகு, ஒரு குடம் தண்ணீர் தூக்கினாலே மூச்சு வாங்கியது. ‘வயசாச்சுல்ல’ என்று அவரே தீர்ப்பும் சொல்லிக்கொண்டார். அக்காவுக்கு இன்னும் ஐம்பதுகூட ஆகவில்லை.

டாக்டர், மூச்சை அளக்கும் ஒரு குழாயைக் கொடுத்து ஊதச் சொன்னார். கூடவே வழக்கமான கேள்வி — பீடி, சிகரெட் உண்டா?

“என்னயப் பாத்துக் கேக்குறாரு தம்பி. நான் என்ன கம்மாக்கரையில ஒக்காந்து பீடி குடிக்கிறவளா?”

அவர் கணவர் ரெங்கசாமி அண்ணன் சிரித்தார். “பீடி குடிக்கிறவன் நானு. ஆஸ்பத்திரிக்குப் போனவ இவ.”

“சிரிங்க சிரிங்க. அடுத்து அந்தக் குழாய ஊதப்போறது நீங்கதான்.”

நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்றார்கள். பீடி பிடித்தால்தான் வரும் என்று நானும் நினைத்திருந்தேன். விறகுப் புகையிலும் வரும், கல் தூசியிலும் வரும். எங்கிருந்து வந்த புகை என்று நுரையீரல் கேட்பதில்லை. கெட்டுப்போனது பழையபடி ஆகாது, மிச்சத்தைக் காப்பாற்றலாம். அதற்கு இன்ஹேலரை விடாமல் எடுக்க வேண்டும், புகையை விட்டு விலக வேண்டும்.

விலகினார். அடுப்பு வீட்டுக் கொல்லைக்குப் போனது. காலையிலேயே அண்ணன் வறுத்துக் கொடுக்க, அக்கா கடையில் உட்கார்ந்தார். இருமல் குறைந்தது.

வியாபாரமும் குறைந்தது. ஒருநாள் நான் அங்கே நின்றபோது ஒரு கார் வந்து நின்றது. கண்ணாடி இறங்கியது.

“இங்க வறுக்கலையா?”

“இப்பத்தான் வறுத்து எடுத்தாந்ததுங்க. சூடுகூட ஆறலை, தொட்டுப் பாருங்க.”

“புகையவே காணோமே...”

கார் நகர்ந்தது. புகை கிளம்பிக்கொண்டிருந்த அடுத்த கடையில் போய் நின்றது.

அவர்களைக் குறை சொல்ல முடியுமா? நானும் அப்படித்தானே கடை பார்க்கிறேன்? கண்ணெதிரே புகைந்தால்தான் நமக்கு ஃப்ரெஷ். பாக்கெட்டை வாங்கி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விடுவோம். புகையில் உட்கார்ந்திருப்பது வேறொருவர்.

அடுப்பு மறுபடி ரோட்டுக்கே வந்துவிட்டது. இருமலும்தான்.

“டாக்டர் வேண்டாம்னாருல்லக்கா?”

“டாக்டரா வந்து முந்திரி வாங்கப்போறாரு? மூச்சும் விடணும், பொழப்பும் ஓடணும். நான் எங்கிட்டுப் போறது தம்பி?”

அதற்கு ஒரு வழி அன்னவாசல் பஸ் ஸ்டாப்பில்தான் தென்பட்டது.

மறுநாளே போய்ச் சொன்னேன். கடைக்குப் பின்னால் அடுப்பு. அதற்கு மேலே தகர மூடி. மூடியிலிருந்து, கொட்டகையை விட்டுத் தள்ளி, நல்ல உயரத்துக்கு ஒரு குழாய். ரோட்டில் போகிறவர்களுக்குப் புகை தெரியும். அக்காவின் மூக்குக்கு வராது.

“காத்து திரும்புனா? பக்கத்துக் கடைக்காரி என் கொட்டகையப் பிரிச்சுருவா.”

“இன்னும் ஒசரமா வைப்போம்க்கா.”

“ஒசரமா வைங்க,” என்றார் அண்ணன். “ஆடிக் காத்துல ஒங்க குழாயி ஆவுடையார்கோவிலுக்கே போய்ச் சேந்துரும்.”

டாக்டரிடமும் கேட்டோம். வைத்துப் பாருங்கள் என்றார். ஆனால் அதை நம்பி இன்ஹேலரை நிறுத்தக் கூடாது; வறுக்கும்போது அக்கா அடுப்புப் பக்கமே போகக் கூடாது. அண்ணனையும் அந்தக் குழாயை ஊதச் சொன்னார். அண்ணன் இப்போது சிரிப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை வெல்டிங் பட்டறையிலிருந்து குழாய் வருகிறது. அடுப்பைப் பற்றவைத்துவிட்டு நான் ரோட்டில் போய் நிற்பேன், கார் நிற்கிறதா என்று பார்க்க. அக்கா கடைக்குள் இருப்பார், மூச்சு விடுவது ‌எப்படி இருக்கிறது என்று சொல்ல.

அதுவரை அந்தப் பக்கம் போகிறவர்கள், புகை தெரியாத கடையிலும் ஒருமுறை பிரேக் போட்டுப் பாருங்களேன்.