பியர் சுற்றுலாவில் பின்னால் வந்தவர்கள்

வழிகாட்டி வேலையில் முதலில் பழகவேண்டியது பின்பக்கமாக நடப்பது. முகம் ஆட்களைப் பார்க்கவேண்டும், கால் தன்பாட்டில் பாதையைப் பார்த்துக்கொள்ளவேண்டும். விளக்குக் கம்பம், சைக்கிள், நாய் என்று எல்லாவற்றிலும் முதுகால் முட்டிய பிறகுதான் வேலை பிடிபடும். ஒரு கூட்டத்தை மேய்த்து அலுத்தவர்கள், பள்ளிக்கூட ஆசிரியர்களோ கல்யாண வீட்டில் பந்தி பார்த்தவர்களோ, யாராயிருந்தாலும் என் கஷ்டம் உங்களுக்குப் புரியும்.

இரண்டாயிரமாம் ஆண்டுகளில் மொன்ட்ரியாலில் நான் செய்த வேலை, உல்லாசப் பயணிகளை நடத்திக் கூட்டிக்கொண்டுபோய் இந்த ஊர்ச் சாப்பாட்டையும் பியரையும் அறிமுகம் செய்வது. விறகடுப்பில் சுட்ட வளைய ரொட்டியான பேகல், புகையூட்டிய இறைச்சி, உருளைக்கிழங்குப் பொரியலுக்கு மேல் சீஸ் கட்டி போட்டுக் குழம்பு ஊற்றிய பூட்டீன், இடையிடையே அந்தந்த இடத்திலேயே காய்ச்சிய பியர். இங்கே பழைய மதுக்கடைகளின் வாசலில் 'தாவெர்ன்' என்று எழுதியிருக்கும். எங்கள் ஊர்க் கள்ளுத் தவறணைதான். யாழ்ப்பாணத்திலிருந்து சிறுமியாக வந்து பிரெஞ்சுப் பள்ளியில் படித்ததால் வாயில் மூன்று மொழி இருந்தது, வேலை கிடைத்தது. பியரை மட்டும் வாயில் வைத்ததில்லை. கூட்டத்தின் கடைசியில், ஆட்கள் தொலையாமல் பார்த்துக்கொண்டு வருவது ராசன் அண்ணை. எங்கள் இருவருக்கும் முதலாளி லூக். நாங்கள் குடியிருந்த செயின்ட்-மிஷேலில் கேட்கிறவர்களுக்கு அம்மா, "பிள்ளை சுற்றுலாத் துறையில" என்று மட்டும் சொல்லுவார். எங்கே சுற்றுகிறேன் என்று சொல்லமாட்டார்.

எல்லாம் பகல் வேலைதான். வெயிலோ பனியோ, வெளிச்சம் இருக்கும்போதே நடந்தவற்றைத்தான் எழுதுகிறேன். நம்புவதும் விடுவதும் உங்கள் பாடு.

என்னை முந்திப் போனவர்

அறுபது கடந்த ஓர் அமெரிக்கர். பல் வைத்தியராக இருந்து ஓய்வு பெற்றவர். மொன்ட்ரியாலுக்கு இதுதான் முதல் தடவை என்றார். மைல் எண்ட் பகுதியில் நான் பின்பக்கமாக நடந்து கதை சொல்லிக்கொண்டு வர, அவர் என்னைத் தாண்டி முன்னுக்குப் போய்விட்டார். பேகல் கடைக்கு நேரே போகவேண்டிய இடத்தில், வீடுகளின் பின்புறமாக ஓடும் சந்துக்குள் திரும்பினார். கூட்டமும் அவருக்குப் பின்னால் போனது. நான் என் கூட்டத்துக்குப் பின்னால் ஓடினேன்.

ஒரு வீட்டின் பின்படிக்கட்டுக்குக் கீழே போய் நின்றார். பேகல் சுடும் விறகுப் புகை அந்த இடத்தில்தான் வந்து இறங்கிக் கிடக்கும். அவருக்கு முகமெல்லாம் வியர்வை. "மேலே ஒரு சின்ன அறை இருக்கிறது. ஜன்னல் இல்லை. கூரையிலிருந்து வெளிச்சம் விழும்," என்றார். மேல்மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்ணிடம் நான் அதைக் கேட்டேன். அவள் கையிலிருந்த துணியை அப்படியே வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தாள். அப்படி ஓர் அறை இருக்கிறதென்றும், கூரையில் கண்ணாடி பதித்திருக்கிறதென்றும், பழைய சாமான் போட்டு வைத்திருப்பதாகவும் சொன்னாள். வெளியாட்கள் யாருக்கும் அது தெரியாதே என்றாள்.

முன்பு எப்போதாவது வந்திருக்கிறீர்களா என்று திரும்பவும் கேட்டேன். அவர் படியில் உட்கார்ந்துவிட்டார். அந்தக் காலத்தில் கல்யாணமாகாத பெண்கள் பெற்ற குழந்தைகளை எல்லை தாண்டி விற்ற ஆட்கள் இந்த ஊரில் இருந்தார்கள் என்று எங்கோ கேள்விப்பட்டிருந்தேன். அன்றுவரை அது எனக்கு வெறும் கதை. அவர் புகையை மூச்சு நிறைய இழுத்துவிட்டுச் சொன்னார்: "சாகும்போதுதான் அம்மா சொன்னார், என்னை இந்த ஊரில்தான் வாங்கினார்களாம், அப்போது எனக்குத் தொப்புள்கூடக் காயவில்லையாம்."

மேசையைத் தள்ளிப் போடச் சொன்னவர்

செயின்ட்-லோரன் தெருவில் ஒரு கடையின் நிலவறையில் பியர் காய்ச்சுவார்கள். பெரிய செம்புக் கொப்பரைகளுக்குப் பக்கத்தில் நீளமான மேசை போட்டு, அங்கேதான் எங்கள் ஆட்களுக்கு ருசி பார்க்கக் கொடுப்பார்கள். ஒருநாள் ஹாலிஃபாக்ஸிலிருந்து கண் தெரியாத ஒருவர் மனைவியோடு வந்திருந்தார். பியானோக்களுக்குச் சுருதி சேர்ப்பது அவர் தொழில். எல்லோரும் குவளையைத் தூக்க, அவர் மட்டும் கைத்தடியால் பலகைத் தரையைத் தட்டினார். திரும்பவும் தட்டினார். மேசையைச் சுவரோரமாகத் தள்ளிப் போடுங்கள், இந்த இடத்தில் ஆட்களை நிற்க விடாதீர்கள் என்றார்.

கடைக்காரர் சிரித்தார். எனக்கும் சிரிப்புத்தான், ஆனால் வாடிக்கையாளர் சொன்னால் செய்துவிட்டுப் போவது நம் குணம். நானும் ராசன் அண்ணையும் மேசையைத் தள்ளிப் போட்டோம். பிறகு வந்த கூட்டங்களுக்கும் அது அங்கேயே கிடந்தது, யாரும் திருப்பி இழுக்கவில்லை. கோடை முடிவதற்குள் ஒரு பகலில், மேசை முன்பு கிடந்த இடம் சத்தத்தோடு உள்ளே போய்விட்டது. கடைக்காரர் டார்ச் அடித்துப் பார்த்திருக்கிறார். கல்லால் கட்டிய பழைய கிணறு. அடியில் கறுப்பாகத் தண்ணீர். முந்திய நாள்தான் மேசைக்குப் பக்கத்தில் ஒரு தாயும் மகளும் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். மேசை பழைய இடத்திலேயே கிடந்திருந்தால் அவர்கள் நின்றது அந்தக் கிணற்றுக்கு மேல்தான்.

நன்றி சொல்வதற்காக ஹாலிஃபாக்ஸுக்குப் போன் எடுத்தேன். கிணறு கிடந்ததைச் சொல்லி, தரைக்குக் கீழே வெறுமையாக இருப்பது தட்டும்போது கேட்டதா என்று விசாரித்தேன். "கிணறா? அப்படியானால் சரி," என்றார் அவர். "நீங்கள் எல்லோரும் குவளையைக் கீழே வைத்த பிறகும், அங்கே அடியில் ஒரு ஆள் குடித்துக்கொண்டே இருந்தார்."

ஒத்திகை

லூக் தந்த பாதைகளில் ஒன்றே ஒன்றைத்தான் என்னால் முடியாது என்று சொல்லியிருக்கிறேன். அது பழைய மொன்ட்ரியாலில், கல் பாவிய தெருக்களில் போவது. நவம்பர் மாதம், பனி விழவில்லை, எலும்பைத் துளைக்கிற குளிர். ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு பின்மதியத்தில் நான் தனியாகப் போய் ஒத்திகை பார்த்தேன். கூட்டம் இருப்பதாக நினைத்துக்கொண்டு பின்பக்கமாக நடந்து, கையை ஆட்டி, பகிடியெல்லாம் விட்டு, சிரிப்பதற்கு இடமும் கொடுத்து முழுப் பாதையும் நடந்தேன்.

அந்தக் கிழமையே செயின்ட்-மிஷேல் தமிழ்க் கடையில், மரக்கறி பொறுக்கும்போது, பரிமளம் அன்ரி என்னைப் பிடித்துக்கொண்டார். பழைய மொன்ட்ரியாலில் ஓர் அலுவலகத்தில் துப்புரவு வேலை செய்கிறவர்.

"பிள்ளை, உன்னைக் கண்டனான். நான் மேல ஜன்னல் துடைச்சுக்கொண்டு நிண்டனான்."

எனக்கு வெட்கமாகிவிட்டது. "ஓம் அன்ரி, அது சும்மா பழகிப் பாத்தது. தனியக் கதைச்சுக்கொண்டு போக, விசர் எண்டு நினைச்சிருப்பியள்."

அன்ரி கையிலிருந்த கத்தரிக்காயைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தார். நான் பகிடி விடுகிறேனோ என்று என் முகத்தைப் பார்த்தார். பிறகு குரலைத் தணித்துக் கேட்டார்: "தனியவோ? இந்தக் குளிருக்குள்ள அவ்வளவு சனமும் ஏன் பிள்ளை வெறுங்காலோட உன்னோட வந்தது?"

வாசலோடு நின்றவர்

பெப்ரவரியில் பியர் சுற்றுலா வேண்டாம் என்று நான் சொன்னால் லூக், பனியில்தான் பியர் ருசி என்பார். நடப்பது அவரில்லையே. அன்று முகத்தை மறைக்கிற பனி. சென்னையிலிருந்து வேலைக்கு வந்து புரோசார்டில் குடியிருந்த கார்த்திக்கும் நித்யாவும் வருவதாக இருந்தது. மெட்ரோ வாசலில் காத்திருந்து பார்த்தேன், காணவில்லை. மற்றவர்கள் விறைக்கத் தொடங்கவே, கால்வாய்க் கரையில் ஒரு பழைய செங்கல் கட்டடத்தில் இருந்த மதுச்சாலைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டேன். பாதை தெரியாமல் அந்த இரண்டு பேரும் எங்கே நிற்கிறார்களோ என்று எனக்கு உள்ளுக்குள் பயம்.

மற்றவர்கள் முதல் குவளையை முடிக்கும்போது கதவு திறந்தது. தலையெல்லாம் பனியாக இரண்டு பேரும், சிரித்துக்கொண்டு. "சாரிங்க, ட்ரெயினை விட்டுட்டோம்," என்றார் கார்த்திக். "நல்லவேளை, உங்க ஆபீஸ் லேடி ஒருத்தங்க மெட்ரோ வெளியவே நின்னாங்க. அவங்கதான் கூட்டிட்டு வந்து விட்டாங்க." எங்கள் அலுவலகத்தில் என்னைத் தவிரப் பெண் இல்லை. ராசன் அண்ணை என் பக்கத்தில்தான் நிற்கிறார். அந்தப் பெண் என்னென்ன சொன்னார் என்று கேட்டேன். கார்த்திக் ஒன்றுவிடாமல் சொன்னார்: "இது ஒரு காலத்துல பிஸ்கட் ஃபேக்டரியாமே? மேல மாடியில சின்னச் சின்னப் பொண்ணுங்க வேலை செஞ்சாங்களாமே? ஓடிடக் கூடாதுன்னு வெளிய பூட்டு போட்டிருந்தாங்களாம். அந்த ஜன்னலைக் கூடக் காட்டினாங்க."

நான் அப்படி எதுவும் யாருக்கும் சொன்னதில்லை. எனக்கே தெரியாது. பியர் ஊற்றிக்கொண்டிருந்த மதுச்சாலைப் பெண் குழாயை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். மேல்மாடியைத் திருத்தும்போது உத்தரமெல்லாம் கரியாக இருந்ததாக, மற்றவர்களுக்குக் கேட்காமல் பிரெஞ்சில் சொன்னாள். நான் ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். வெள்ளைத் தெரு, ஒருவரும் இல்லை. நித்யா என் பின்னால் வந்து நின்று வருத்தத்தோடு சொன்னார்: "பாவம், அவ்ளோ குளிருங்க, உள்ள வாங்கன்னு கையைப் பிடிச்சே கூப்பிட்டேன், உள்ள சூடு தாங்காதுன்னு சொல்லிட்டாங்க."

ராசன் அண்ணை கூப்பிட்டது

ராசன் அண்ணைக்குத் தெரிந்த பிரெஞ்சில் முக்கால்வாசி 'பாரிஸி'தான். 'இந்தப் பக்கம்' என்று அர்த்தம். கடைகளில் பராக்குப் பார்த்து நிற்கிறவர்களை அந்த ஒரு சொல்லால்தான் அவர் திருப்பிக்கொண்டு வருவார். இரண்டாயிரத்து ஒன்பது வசந்தத்தில் அவருடைய தம்பி தவம், மனுசி பிள்ளைகளோடு வன்னியில் அகப்பட்டிருந்தான். யுத்தத்தின் கடைசி மாதங்கள். உயிரோடு இருக்கிறானா என்றே தெரியாது. நாங்கள் எல்லோரும் அந்த நாட்களில் எப்படி இருந்தோம் என்று உங்களில் பலருக்கு நான் சொல்லத் தேவையில்லை. லீவு எடுங்கள் அண்ணை என்றால், "வீட்டில இருந்தா ரிவிச் செய்தியைத்தான் பாக்கோணும்," என்பார்.

ஒரு மத்தியானம், பிளாட்டோ பகுதியில் ஒரு சந்து வழியாகக் கூட்டம் முழுவதும் வெளியே வந்துவிட்டது. பின்னால் சத்தம் கேட்டது. ராசன் அண்ணை எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வெறுஞ்சந்துப் பக்கம் பார்த்து இரண்டு கையையும் வீசி, "பாரிஸி! பாரிஸி!" என்று கத்திக்கொண்டிருந்தார். அடிக்கப் போகிறவர் மாதிரி ஆவேசம். தொண்டை கிழிந்து குரல் உடைந்தும் விடவில்லை. வாடிக்கையாளர்கள் மிரண்டுபோனார்கள். நான் ஓடிப்போய்த் தோளைப் பிடித்தேன்.

"ஆரையண்ணை கூப்பிடுறியள்?"

"தெரியேல்ல பிள்ளை. ஆரோ பிழையான பக்கம் போறமாதிரிக் கிடந்தது."

பிறகு நடந்து வந்து தன் இடத்தில் நின்றார்.

கோடையில் தவம் வவுனியா முகாமிலிருந்து போன் எடுத்தான். நான்கு பேரும் உயிரோடு. ஒருநாள் ஷெல் விழத் தொடங்க, சனத்தோடு சனமாகப் பதுங்குகுழிக்கு ஓடியிருக்கிறார்கள். பாதி வழியில் பின்னாலிருந்து அண்ணையின் குரல். சந்தேகமே இல்லையாம், சின்ன வயதில் ஏசுகிற அதே குரல். தவம் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு குரல் வந்த பக்கம் திரும்பி ஓடியிருக்கிறான். பதுங்குகுழிக்குப் போனவர்களில் ஒருவரும் மிஞ்சவில்லை. அது எந்த நாள் என்று அவனுக்குத் தெரியாது, நாங்களும் ஒத்துப்பார்க்கவில்லை. ராசன் அண்ணை மெட்ரோ வாசலில் வைத்து இதை எனக்குச் சொன்னார். அழவில்லை, சிரிக்கவுமில்லை. போனை வைக்க முதல் தம்பி கேட்டதை அப்படியே சொன்னார்: "அண்ணை, அண்டைக்கு நீங்கள் என்னை என்ன பாசையில கூப்பிட்டனீங்கள்?"

* * *

இந்த ஊர்ப் பியரைச் சுற்றிக் காட்டுவதற்குத்தான் எங்களுக்குச் சம்பளம் தந்தார்கள், மற்றதெல்லாம் நாங்கள் ஓசியில் செய்து கொடுத்தது.