கல் பாவையின் காது

கல்கத்தா முதல் கன்னியாகுமரி வரைக்கும் உள்ள கற்சிலைகள் எல்லாம், ராஜபாய் அக்கா வருகிறாள் என்று கேள்விப்பட்டால் போதும், வளைந்த இடுப்பை நேராக்கி, விழுந்த மூக்கைத் தேடி எடுத்து ஒட்டிக்கொண்டு நிற்கும். ஒரு சிலையின் முதுகைப் பார்த்தே, அதைச் செதுக்கினவன் அன்று காலை கஞ்சி குடித்தானா, பட்டினி கிடந்தானா என்று சொல்லிவிடுவாள். இதில் பாதி நான் சேர்த்தது. மீதிப் பாதியும் ஏறக்குறைய அப்படித்தான்.

எங்கள் ஊர் இராஜாக்கமங்கலத்துக்குச் சற்று வடக்கே. அக்காவின் அப்பா ஜெபமணி மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். அம்மா வெள்ளைக்கார அம்மாமார்களுக்கு லேஸ் பின்னிக் கொடுப்பவள். நான் பக்கத்து வீட்டுக் குமாரதாஸ். மூன்றாம் பாரத்தோடு படிப்பும் நானும் சண்டையில்லாமல் பிரிந்துவிட்டோம்.

அக்கா பி.ஏ. முடித்து, கல்கத்தாவுக்கே போய், சிற்பமும் ஓவியமும் எப்படி வளர்ந்தன என்ற சரித்திரத்தை எம்.ஏ.வுக்குப் படித்தாள். அப்படி ஒரு படிப்பு இருக்கிறது என்று ஊரை நம்ப வைப்பதே பெரும்பாடு. ரசலையன் டீக்கனார் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயில் முற்றத்தில் வைத்தே கேட்டுவிட்டார்.

"வாத்தியாரே, மகளை டாக்டருக்குப் படிக்க வைக்காம விக்கிரகத்துக்குப் படிக்க வச்சிருக்கீரே?"

"விக்கிரகத்தைக் கும்பிடத்தான் கூடாதுன்னு எழுதியிருக்கு டீக்கனாரே. பரீட்சை எழுதக் கூடாதுன்னு இல்ல."

அக்கா லீவுக்கு வந்தபோது அவளை ஒரு கை பார்த்துவிடலாம் என்று எனக்கும் ஆசை. ஆட்டுக்கல் குழவி ஒன்றைச் சேற்றில் புரட்டி, "வயக்காட்டுல கிடந்துது அக்கா, எந்த ராஜா காலத்து லிங்கம்?" என்று கொண்டுபோய் வைத்தேன். அவள் அதை விரலால் துடைத்து மூக்கருகே கொண்டுபோனாள்.

"உளுந்தவடை ராஜா காலம். கொண்டு போயி எடுத்த எடத்துல வைலே, உங்க அம்மை தேடுவா."

1937 மாசியில் அவள் வந்தது வேறு காரியத்துக்கு. பட்டத்துக்காக எழுதிய கட்டுரையில் ஒரு அத்தியாயம் தொங்கிக்கொண்டிருந்தது. எங்கள் ஊருக்கு இரண்டு மைல் தள்ளி உள்ள கோயிலின் பிராகாரத்தில், விளக்கேந்தி நிற்கும் கல் பாவை ஒன்று உண்டு. கோயிலுக்கு எண்ணெய் ஊற்றின வாணியர் ஒருவர் எப்போதோ அக்காவிடம் சொன்னாராம், "அதுக்க காது நம்ம பொம்பளைகளுக்க காது மாதிரி தோள் வரைக்கும் தொங்கும் பிள்ளே. பாம்படம் போட்டிருக்கும்." மற்ற ஊர்ப் பாவைகளுக்கு எல்லாம் சாஸ்திரப்படி வட்டக் குண்டலம். இது பாம்படம் என்றால், இந்தச் சிற்பி சாஸ்திரத்தை மட்டும் பார்க்கவில்லை, தன் தெருவில் நடந்த பெண்களையும் பார்த்தான் என்று ஆகும். அதுதான் அக்காவின் கட்டுரை. அவளுடைய புரொபசர் அந்தப் பக்கத்தின் ஓரத்தில் ஒரே ஒரு வரி எழுதி அனுப்பியிருந்தார்: 'நேரில் பார்த்தது யார்?' மாசி முடிவதற்குள் பதில் போகாவிட்டால் அந்த அத்தியாயம் போச்சு. அது போனால் கட்டுரையில் மிஞ்சுவது முன்னுரைதான்.

அக்காவால் பார்க்க முடியாது. முந்தின ஐப்பசியில் திருவிதாங்கூர் மகாராஜா கோயில்களைச் சாதி பார்க்காமல் எல்லாருக்கும் திறந்துவிட்டார். எல்லாரும் என்றால் இந்துக்கள். எனக்குத் திறந்த வாசல் அவளுக்குத் திறக்கவில்லை. சிலையை வருஷக்கணக்காகப் படித்தவள் தெருவில் நின்றாள். ஆட்டுக்கல் குழவியை லிங்கம் என்று சொன்னவன் உள்ளே போகலாம்.

"நீ போயிட்டு வாறியாலே?" என்று கேட்டாள். அவள் என்னிடம் அதுவரை எதையும் கேட்டதில்லை.

எங்கள் வீட்டில் அய்யாவழி. தாங்கல் என்கிற எங்கள் வழிபாட்டு இடத்தில் கண்ணாடிக்கு முன்னால் நின்று கும்பிடுகிறவர்கள். அம்மா சொர்ணம்மாள், "கண்ணாடி பாக்குதவனுக்குக் கல்லுகிட்ட என்ன சோலி?" என்றாள். "ராஜபாய் அக்காவுக்குத்தான்" என்றதும், "அப்படின்னா போ, ஆனா துண்ணூறு வாங்காதே, நமக்கு நாமந்தான்" என்று விட்டுவிட்டாள்.

அக்கா லேஸ் நூல் ஒரு கண்டு கொடுத்தாள். சிலையின் முகம் எத்தனை நீளமோ, அதுதான் மொத்தச் சிலைக்கும் அளவுகோலாம். "பாதத்துல இருந்து மேல பிடிச்சு, எங்கெங்க கல்லு வளையுதோ, எங்கெங்க துருத்திக்கிட்டு நிக்குதோ அங்கெல்லாம் முடிச்சுப் போடு. உனக்குத் தேவையில்லன்னு தோணுத எடத்துலயும் போடு. அப்புறம் காதை வரைஞ்சிட்டு வா." படம் வரைய எனக்குக் கொஞ்சம் வரும். பள்ளிக்கூடத்தில் வாத்தியாரை வரைந்துதான் அடி வாங்கினேன்.

சட்டையைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். வாழ்க்கையில் முதல் தடவை. எந்தப் பக்கமாகச் சுற்றுவது என்று தெரியாமல், எதிரே வந்த கூட்டத்தின் வயிற்றில் எல்லாம் இடித்துக்கொண்டு தலைகீழாகச் சுற்றினேன். பாவையைக் கண்டதும் நூலை எடுத்தேன். காவல்காரர் வந்துவிட்டார்.

"என்னலே அளக்குதே?"

"அம்மை நேந்திருக்கா. பாவைக்க உயரத்துக்கு ஒரு திரி போடணுமாம்."

"அவ்வளவு நீளத் திரியா?"

"பெரிய சீக்குல்லா."

அவர் உச்சுக்கொட்டி, நூலின் கீழ் முனையைப் பிடித்துத் தந்தார். நான் மேலே ஏறி முகத்துக்கு வந்தேன். முகம் இல்லை. நெற்றியில் இருந்து தாடை வரைக்கும் செதில் செதிலாக விழுந்திருந்தது. இரண்டு காதும் இல்லை; வாணியர் பார்த்த பிறகு விழுந்திருக்கும். தோளில் இரண்டு பக்கமும் கல் முண்டு முண்டாக இருந்தது. கை தானாக அங்கே ஒரு முடிச்சுப் போட்டது.

திரும்பும் வழியெல்லாம், இதை எப்படிச் சொல்வது என்றே நடந்தேன். கல்கத்தா வரைக்கும் போன ஒருத்தியிடம் 'உன் பாவைக்கு முகமே இல்லை' என்று சொல்ல எனக்கு வாய் வராது. வீட்டுக்கு வந்து, அம்மா முற்றத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்து உட்கார்ந்து வரைந்தேன். சிரித்த முகம், தோள் தொடும் காது, பாம்படம். நன்றாகவே வந்தது.

அக்கா படத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். "அழகா வரைஞ்சிருக்கே மக்கா" என்றாள். பிறகு அதை ஓரமாக வைத்துவிட்டு நூலை மேசையில் நீட்டி, முடிச்சு முடிச்சாக விரலை நகர்த்தினாள். பாதம், முட்டு, இடுப்பு, மார்பு. அதற்கு மேலே விரல் நின்றது.

"இது என்னது?"

"அது ஒண்ணும் இல்ல அக்கா. தோளுல ரெண்டு கல்லு முண்டு."

"ரெண்டு பக்கமுமா?"

"ரெண்டு பக்கமும். கொழுக்கட்டை மாதிரி. அடியில சதுரமா, மேல உருண்டையா. உடைஞ்ச கல்லு ஒட்டிக்கிட்டிருக்கு."

அக்கா எழுந்தாள், உட்கார்ந்தாள், பேனாவை மூடியோடு மையில் முக்கினாள். உடைந்த கல்லுக்குச் சதுரமும் உருண்டையும் வராது, பாம்படத்துக்குத்தான் வரும். காது போன பிறகும் அதில் தொங்கினது தோளில் உட்கார்ந்தபடியே மிஞ்சியிருக்கிறது. குண்டலம் ஒருநாளும் தோளில் வந்து உட்காராது. அன்று சாயங்காலத்துக்குள் மூன்று பக்கம் எழுதி முடித்தாள். 'நேரில் பார்த்தது யார்?' என்ற கேள்விக்கு நேராக என் பெயரை முழுசாக எழுதி, அளந்த நாளையும் போட்டாள். என் படத்தை மட்டும் உறைக்குள் வைக்கவில்லை.

"படத்தையும் வை அக்கா. அதுல காதே தெரியுதுல்லா?"

அவள் உறையை ஒட்டிவிட்டுத்தான் என்னைப் பார்த்தாள்.

"எடது பாம்படத்துல அடிப்பக்கம் நெளிஞ்சிருக்கு. போன வருசம் உங்க அம்மை கிணத்தடியில விழுந்தப்போ நெளிஞ்சது. அதைக்கூட முந்நூறு வருசத்துக்கு முன்னால செதுக்கி வச்சிருக்கான் பாரு. ஏலே குமாரதாஸ், அதுக்கு மொகமே இல்லதானே?"