திரைக்குக் கீழே போன கல்யாணப் பத்திரிகை

எனக்கு அறுபத்தொன்பது வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். ஒன்றும் சோடை போகவில்லை. எனக்குக் கையெழுத்துப் போடும் அளவுக்குத்தான் எழுத்து. அதனால் நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள்.

வீட்டிலிருந்தே கல்யாணப் பத்திரிகை அடித்துக் கொடுக்கப் போகிறேன் என்று என் கடைசி மகள் கம்ப்யூட்டர் வாங்கினாள். அது வந்த முதல் வெள்ளிக்கிழமை. புதுச் சாமானைத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைப்பது எங்கள் வழக்கம். தையல் மிஷினுக்கு வைத்தோம், ஐஸ் பெட்டிக்கு வைத்தோம், இதற்கு மட்டும் வைக்காமல் விடுவேனா?

மகள் குளிக்கப் போயிருந்தாள். காலையிலிருந்து அவள் அடித்த முதல் பத்திரிகை திரையில் விரிந்து கிடந்தது. பெட்டிக்குப் பொட்டு வைத்தேன். மவுஸுக்கும் சந்தனம் தடவி, அழுத்திப் பிடித்துத் துடைத்தேன். பத்திரிகை அப்படியே சறுக்கிக்கொண்டு இறங்கித் திரைக்கு அடியில் முங்கிவிட்டது.

அந்த நேரம் பார்த்துப் பத்திரிகையைப் பார்க்கக் கல்யாணப் பெண்ணின் அம்மா வந்துவிட்டார். மகள் ஈரத்தலையோடு ஓடிவந்தாள்.

"பத்திரிகை எங்கேம்மா?"

"இங்கதான் எங்கயோ இருக்கு. வந்திரும்."

வந்தவருக்கு முகம் சுருங்கிவிட்டது. "என்னக்கா, பத்திரிகையே காணாமப் போச்சுன்னா சகுனம் சரியில்லையே! மாப்பிள்ளை வீட்டுல அப்பவே கடையில அடிங்கன்னாங்க."

"தேத்தண்ணி குடிங்க. பொட்டு வச்ச சாமான் காலை வாராது" என்றேன். மகளுக்குக் கண் கலங்கிவிட்டது. முதல் வேலையே கைநழுவினால் அடுத்து யார் வருவார்கள்?

பாயான் பாரு ஊரில், கம்ப்யூட்டர் பேக்டரியில் வேலை பார்க்கும் என் மூத்த மகனுக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, ஆஃப் பண்ணிட்டுப் போட்டா வந்திருமா?"

"சேவ் பண்ணியா?"

"இல்லண்ணே."

"அப்ப ஆஃப் பண்ணாத லா, எல்லாம் போயிரும்! மவுஸை..."

"மவுஸ் அசைய மாட்டேங்குது. அம்மா சந்தனம் அப்பிட்டாங்க."

அவன் சிரித்த சிரிப்பு எனக்கே கேட்டது. "சரி, ஆல்ட்டை அமுக்கிக்கிட்டே அந்த நீட்டுப் பட்டனைத் தட்டு. அப்புறம் எம் எழுத்து. தட்டிட்டியா? இப்ப அம்புப் பட்டன். பத்திரிகை எந்தப் பக்கமா போச்சு?"

மகள் என்னைப் பார்த்தாள். போனதைக் கண்ணால் கண்டவள் நான் ஒருத்திதானே.

"கீழே போச்சு" என்றேன், தயங்காமல்.

"அப்ப மேல் அம்பு. கையை எடுக்காத."

முதலில் ஒரு நீலப்பட்டை எட்டிப் பார்த்தது. அடுத்து, பத்திரிகையின் உச்சியில் போட்டிருந்த பிள்ளையார் மெல்ல எழுந்தார். அவருக்குப் பின்னால் பெண்ணின் பேரும் மாப்பிள்ளையின் பேரும் ஏறி வந்தன.

கல்யாணப் பெண்ணின் அம்மா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுத் திரையைப் பார்த்துக் கும்பிட்டார். "பிள்ளையாரே முன்னால வந்துட்டாரு! இதுக்கு மேல என்னக்கா சகுனம் வேணும்? இங்கயே அடிங்க."

மகள் முதல் காரியமாக சேவ் பண்ணினாள். நான் மவுஸைக் கையில் எடுத்ததும், "அம்மா, அதைக் கீழ வைங்க!" என்று அலறினாள்.

எங்கே கண்ணு, நான் சொல்லச் சொல்ல நீ எழுதினதை வாசி, கேட்போம். சந்தனத்தாலதான் வந்த வினைன்னு உன் அத்தை பக்கம் சாஞ்சு எதையாவது சேர்த்திருந்தா, அதை இப்பவே அழிச்சிரு.