தபால் ஆபீஸ் கதவுக்குப் பச்சை அடித்த கதை

என் பெரியம்மாவின் நாலு பெண்களில் மூன்றாவது அக்காவைக் கட்டியவர் பெயின்டர். எதற்கும் இரண்டு கோட் அடிக்காமல் பிரஷைக் கீழே வைக்கமாட்டார். அதனால் எங்கள் வீட்டில் அவர் ரெண்டு கோட் அத்தான்.

அக்காவுக்குத் தையல் கடை. இடத்துக்காரர் கடையை இடிக்கப் போவதாகச் சொல்லி, மூன்று மெஷினையும் எடுக்க இரண்டே மாதம் கொடுத்திருந்தார். போக வேறு இடமில்லை. அந்தச் சமயத்தில்தான் நகராட்சி ஒரு திட்டம் கொண்டுவந்தது. பூட்டிக் கிடக்கும் பழைய கட்டடங்களை இடிக்கவும் கூடாது, சும்மா போட்டுவைக்கவும் கூடாது. ரிப்பேர் செய்து தொழில் நடத்துகிறவருக்கு முப்பது வருஷக் குத்தகை. தெருப்பக்க முகப்பு மட்டும் இருந்தபடி இருக்க வேண்டும்.

இருபது வருஷமாகப் புறாக்கள் குடித்தனம் நடத்திய பழைய தபால் ஆபீசைக் கேட்டு அக்கா எழுதிப் போட்டாள். கேட்டிருந்த ஏழு பேரில், குலுக்கலில் அவள் பேர் வந்தது. அதிகாரி அம்மா வந்து பார்த்த பிறகு கையெழுத்து என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தார்கள்.

அங்கேதான் அத்தானுக்குக் கை அரித்தது. பெரிய மனுஷி வரும்போது கதவு தோல் உரிந்து நிற்பதா என்று, காப்பிக் கலர் கதவுக்குப் பளபளவென்று பச்சை அடித்துவிட்டார்.

அதிகாரி அம்மா கதவைத் தொட்டார். விரல் பச்சையானது. பேனாவை மூடிவிட்டார்.

"மாத்தலைங்க மேடம், சுத்தம்தான் பண்ணேன்" என்றார் அத்தான்.

"முப்பது வருஷக் குத்தகைய முப்பது நிமிஷத்துல முடிச்சுட்டீங்களே" என்றாள் அக்கா.

ஒரு மாதத்தில் பழைய நிறம் திரும்ப வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த பேருக்குப் போய்விடும் என்று சொல்லிவிட்டு அதிகாரி கிளம்பினார். அத்தான் சுரண்டினார். பச்சையோடு காப்பிக் கலரும் கழன்று வந்தது. அடியில் வெள்ளை, அதற்கடியில் நீலம், கடைசியில் வெறும் தேக்கு. மனுஷன் சுரண்டுவதை நிறுத்திவிட்டு, தானே போய் அதிகாரியைக் கூட்டிவந்தார்.

"இதுல எது பழசுன்னு நீங்களே சொல்லிடுங்க மேடம்."

அதிகாரி மண்டியிட்டுப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். முதலில் மரத்துக்கு எண்ணெய் மட்டும்தான் பூசியிருந்தார்களாம். மீதியெல்லாம் பிற்பாடு யாரோ அடித்தவை.

"மொத்தத்தையும் சுரண்டிருங்க. இனிமே முகப்புல பெயின்டே படக்கூடாது" என்றார். அதைக் குத்தகைப் பத்திரத்தில் எழுதி, அக்காவிடம் மட்டும் கையெழுத்து வாங்கினார்.

அந்த வாரமே மெஷின்கள் உள்ளே போயின. ஸ்டாம்ப் விற்ற ஜன்னலில் அக்கா உட்கார்ந்தாள். முதல் நாள் ரவிக்கைத் துணியோடு வந்தவர்கள் நாலு பேர். தபால் போட வந்தவர்கள் ஒன்பது பேர்.